ஈரம்: அறுபத்தெட்டு

சம்பந்தி என்கிற உறவைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. அண்ணன் தம்பி என்றால் சண்டை போடலாம். மச்சான் என்றால் கிண்டல் செய்யலாம். சம்பந்தியிடம் இரண்டும் முடியாது. கண்டால் எழுந்து நிற்க வேண்டும், சிரிக்க வேண்டும், அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும். பெண்ணைக் கொடுத்தவன் என்றால் இன்னும் இரண்டு ஆட்டு கூடுதலாக ஆட்ட வேண்டும். மற்றவர்களுக்கு இது எப்போதாவது ஒரு விசேஷத்தன்று பட வேண்டிய பாடு. எனக்கு வாய்த்த சம்பந்தி நான் வேலை பார்க்கிற துணைமின் நிலையத்துக்கே ஃபிட்டர். அதனால் எனக்கு வேலை நாளெல்லாம் விசேஷம்தான்.

நான் அங்கே ஆபரேட்டர். எங்களுடையது வெட்டவெளியில் கம்பிவேலிக்குள் நிற்கிற துணைமின் நிலையம் இல்லை. நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் அடியில், பாதி தரைக்கு மேலும் பாதி தரைக்குக் கீழுமாக இருக்கிற மூடிய அறை. ஜன்னல் கிடையாது. ஆளுயரத்துக்கும் மேலாக எட்டு இரும்புப் பெட்டிகள் ஒரே வரிசையில் நிற்கும். பேனல் என்போம். ஒவ்வொன்றுக்குள்ளும் பதினோராயிரம் வோல்ட். அவற்றின் காலடியில் தரையோடு நீளமாக ஒரு பள்ளம், அதில் கேபிள்கள் படுத்திருக்கும், மேலே இரும்புத் தகடுகள் போட்டு மூடியிருக்கும். பக்கத்து அறையில் என் மேசை, தொலைபேசி, பதிவேடு.

இப்படிப்பட்ட அறைக்கு மழை எதிரி இல்லை. மழை வெளியே பெய்துவிட்டுத் தன் வழியே போய்விடும். உள்ளே காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற ஈரம்தான் எதிரி. அது பேனலுக்குள் மின்சாரத்தைத் தாண்டவிடாமல் தடுக்கிற இன்சுலேட்டர்களின் மேல் வியர்வை மாதிரி படியும். ஏற்கெனவே படிந்திருக்கிற தூசியோடு சேர்ந்து மின்சாரத்துக்குத் திருட்டு வழி போட்டுக்கொடுக்கும். என்றைக்காவது ஒரு நாள், முக்கியமாக யாராவது மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் செய்கிற பிரேக்கரை அசைக்கிற நேரத்தில், அந்த வழியாக மின்சாரம் பாய்ந்துவிடும். அப்போது பேனல் முன்னால் நிற்கிறவரின் வீட்டுக்கு வேறு யாராவதுதான் போய்ச் செய்தி சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே சட்டம் எளிது. சுவரில் ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறது. ஷிப்டுக்கு ஒரு முறை அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுபது சதவீதத்துக்குள் இருந்தால் சரி. தாண்டினால் இன்ஜினீயருக்குச் சொல்ல வேண்டும், பேனலில் யாரும் கை வைக்கக் கூடாது.

நான்கு மாதம் முன்பு ஈரத்தை இழுக்கிற இயந்திரம் ஒன்று வந்தது. காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் குழாய் வழியாக வெளியே விடும். நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருப்பதால் நாங்கள் அதற்குக் குடிகாரன் என்று பெயர் வைத்தோம். அதைப் பொருத்தியவர் என் சம்பந்தி. காலையில் வந்த சாமானை மாலைக்குள் ஓட வைத்துவிட்டார். இன்ஜினீயரம்மா எல்லோரையும் கூட்டி வைத்து, “வேலைன்னா இப்படி இருக்கணும்” என்றார். ஃபோர்மேன் இடம் ஒன்று காலியாகப் போகிற சமயம். சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் வாரம் மீட்டர் அறுபத்தைந்துக்கு இறங்கியது. அப்புறம் அறுபத்தெட்டு. அப்புறம் ஒரு நாள் காலை எழுபத்து நான்கு.

அன்றைக்குப் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எழுபத்து நான்கு என்று எழுதினால் இன்ஜினீயரம்மா வருவார். இயந்திரம் இருந்துமா என்பார். பொருத்தியவரைக் கூப்பிடுங்கள் என்பார். எழுதிக் கொடுத்தது யார் என்று சம்பந்திக்குத் தெரியாமல் போகாது. மாலையில் அவர் வீட்டுக்குப் போவார். அங்கே என் பெண் கதவைத் திறப்பாள். இரண்டு சதவீதம் முன்பின் ஆனால் குடி முழுகிவிடாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு அறுபத்தெட்டு என்று எழுதினேன். இரண்டு இல்லை, ஆறு. கணக்கு எனக்குத் தெரியும்.

எங்கள் பதிவேட்டில் எண்களைவிட அதிகமாக எழுதப்படுவது ஒரு சொல்: மேற்படி. எனக்குப் பின்னால் ஷிப்டுக்கு வருகிறவர் மேல் வரியைப் பார்த்து மேற்படி என்று எழுதினார். அவருக்குப் பின்னால் வந்தவரும் மேற்படி. மறுநாள் நான் மறுபடியும் அறுபத்தெட்டு. தினம் ஒரு பொய் நான் சொன்னால் போதும், இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எழுபத்தொன்பது வந்தது, எண்பத்து நான்கு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் இரண்டரை மாதம் மறைத்தேன்.

என் மனைவியிடம் ஒரு நாள் சாடையாகச் சொன்னேன். “பொண்ணைக் கொடுத்த இடம். வாயை வச்சுகிட்டு சும்மா இருங்க” என்றாள். பெண்ணோ போனில் எப்போது கேட்டாலும், “நல்லா இருக்கேன்பா” என்பாள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது, நாம் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியது.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஷிப்டுக்கு வந்தேன். மேசையில் அன்றைய வேலைத் தாள் இருந்தது. காலை பத்து மணி, ஐந்தாம் பேனல், பிரேக்கரை வெளியே இழுத்து வருடாந்தரச் சர்வீஸ். பக்கத்துப் பேனல்களில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வேலை செய்பவர் என்ற இடத்தில் என் சம்பந்தியின் பெயர்.

எழுந்து உள்ளே போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் ஈரத்துணியைப் போட்ட மாதிரி இருந்தது. மீட்டரில் எண்பத்து நான்கு. ஐந்தாம் பேனல் அருகே போனபோது ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். காதுக்குள் யாரோ ரகசியம் பேசுகிற மாதிரி மெல்லிய சத்தம். ஜெராக்ஸ் கடையில் வருமே, மூக்கைக் குத்துகிற வாசனை, அதுவும் இருந்தது. இருபத்தாறு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்தச் சத்தம் வந்தால் மின்சாரம் கசிய ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குடிகாரன் மூலையில் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தான். இவ்வளவு குடித்தும் ஏன் ஈரம் போகவில்லை என்று எனக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. அவன் பின்னால் போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது வெளிச்சுவருக்குப் போகவில்லை. நான்கடி தள்ளி, தரைத் தகட்டின் விளிம்பில் இருந்த இடைவெளியில் நுழைந்து மறைந்தது. தகட்டைத் தூக்கினேன். கேபிள் பள்ளத்தில் நான்கு விரற்கடை தண்ணீர், விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான்கு மாதமாக இவன் காற்றிலிருந்து குடித்ததைப் பள்ளத்தில் துப்பியிருக்கிறான். அது மறுபடி காற்றில் ஏறியிருக்கிறது. அதையே மறுபடி குடித்திருக்கிறான்.

ஏழு மணிக்குச் சம்பந்திக்குப் போன் போட்டேன். இன்றைக்கு வர வேண்டாம் என்று ஒரே வாக்கியம். மனதுக்குள் நான்கு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

“வணக்கம் சம்பந்தி.”

“வணக்கம், வணக்கம். சொல்லுங்க சம்பந்தி. சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு. நீங்க?”

“இப்பதான். வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க. அங்க எல்லாரும்?”

“எல்லாரும் சௌக்கியம். உங்க பொண்ணு நல்லா இருக்கு.”

“சந்தோஷம்.”

“அப்புறம்?”

“ஒண்ணுமில்ல. பத்து மணிக்கு வர்றீங்கதானே?”

“வந்துடறேன் சம்பந்தி. வச்சிடட்டுமா?”

வைத்துவிட்டார். ஒரு மனிதனின் உயிர் விஷயம், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சாப்பிட்டீர்களா என்று கேட்க மட்டும் வந்தது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். கோழைக்கு எப்போதும் இன்னொரு அரைமணி நேரம் கிடைக்கும்.

ஒன்பதரைக்கு வந்தார். வெளுத்த நீலச் சட்டை, ஒரு கையில் கருவிப் பை, மறு கையில் ரப்பர் கையுறை. நான் எழுந்து நின்றேன். “உக்காருங்க, உக்காருங்க” என்றார். வேலை அனுமதித் தாளை என் முன்னால் வைத்தார்.

அந்தத் தாளில் ஒரு கட்டம் உண்டு. அறை ஈரம் எத்தனை சதவீதம் என்று ஆபரேட்டர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் ஃபிட்டர் பேனலைத் தொடலாம். பதிவேடு யாரும் படிக்காத புத்தகம். இந்தத் தாள் அப்படி இல்லை. எழுதி நேரே அவர் கையில் கொடுக்க வேண்டும். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் உள்ளே போவார்.

பேனாவை எடுத்தேன். ஆறு என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

“என்ன சம்பந்தி, பேனா எழுதலையா?” என்று தன் பேனாவை நீட்டினார்.

அந்தப் பேனாவை நீட்டிய கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் ஒரு கயிறு மாதிரி என் பெண் தலைமுடி கட்டுகிற ரப்பர் வளையம். கருவிகளைக் கட்ட அவளிடமிருந்து வாங்கியிருப்பார் போல. எழுதிய ஆறை அடித்தேன். பக்கத்தில் எண்பத்து நான்கு என்று எழுதினேன்.

“நீங்க உள்ள போகக் கூடாது” என்றேன். சம்பந்தி என்று சேர்க்க மறந்துவிட்டேன்.

அவர் தாளைப் பார்த்தார். “எண்பத்து நாலா? இன்னைக்கா?”

“ரெண்டரை மாசமா ஏறிகிட்டே இருக்கு.”

பதிவேட்டை இழுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் திருப்பினார். அறுபத்தெட்டு, மேற்படி, மேற்படி. இன்னொரு பக்கம். அறுபத்தெட்டு, மேற்படி, மேற்படி.

“நான்தான் பொய் எழுதினேன். நீங்க வச்ச மெஷின் சரியில்லன்னு என் கையால எழுதறதா? என் பொண்ணு உங்க வீட்டுல இருக்கா. ஃபோர்மேன் வேலை வேற வரப்போவுது உங்களுக்கு. அஞ்சாம் பேனல்ல சத்தம் வருது. குழாய்த் தண்ணி பூரா கேபிள் பள்ளத்துலதான் விழுது. அதைச் சொல்லத்தான் காலையில போன் போட்டேன். சொல்லாம வச்சுட்டேன். என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க.”

அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். கையுறைகளை மடியில் வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்.

“குழாயை அங்க விட்டது நான்தானே. எனக்குத் தெரியாதா?” என்றார்.

நான் அவரையே பார்த்தேன்.

“வெளியே விட சுவத்துல ஓட்டை போடணும். சுவர் கட்டடத்துக்காரங்களோடது. அனுமதி வாங்கப் பத்து நாள் ஆகும்னாங்க. சாயங்காலத்துக்குள்ள ஓடணும்னு இன்ஜினீயரம்மா சொல்லிட்டாங்க. சரி, ரெண்டு நாளைக்குப் பள்ளத்துல விழட்டும்னு விட்டேன். அப்புறம் எல்லாரும் பாராட்டினாங்களா, அதுக்கப்புறம் போய், வேலை இன்னும் முடியலன்னு சொல்ல வாய் வரல. ஈரம் ஏறும், நீங்க எழுதுவீங்க, அதைக் காட்டி அனுமதி வாங்கிடலாம்னு இருந்தேன். வர்றப்பல்லாம் உங்க பதிவேட்டைப் பார்ப்பேன். அறுபத்தெட்டு. பரவாயில்ல, தண்ணி தானா எங்கேயோ வடியுது போலன்னு நெனச்சுக்குவேன். உள்ள போய் மீட்டரைப் பார்த்தா தெரிஞ்சுபோயிடுமேன்னு, உள்ளேயே போக மாட்டேன்.”

“இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன். எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

“யார்கிட்ட? சம்பந்திகிட்டயா?” என்றார்.

பதிவேட்டை மூடிவிட்டு இன்ஜினீயரம்மாவுக்குப் போன் போட்டேன்.

இன்ஜினீயரம்மா வந்தார். சின்ன வயது, பேச்சில் சுருக்கம். நான், “தப்பு என்னோடது மேடம்” என்றேன். சம்பந்தி எழுந்து, “இல்ல மேடம், மூலம் என்னோடது” என்றார். “அவர் மேல ஒண்ணுமில்ல மேடம், எழுதினது நான்.” “குழாய் விட்டது நான் மேடம்.” அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சம்பந்தி மரியாதையை எல்லாம் அப்புறம் வச்சுக்கங்க. யார் மேல எவ்வளவுன்னு நான் எழுதிக்கறேன். முதல்ல அந்தச் சத்தத்தைக் காட்டுங்க.”

கேட்டார். முகம் மாறிவிட்டது. மேலதிகாரிகளிடம் பேசி, முழு வரிசைக்கும் மின்சாரத்தை நிறுத்தினார். நான்கு மாடியும் இருட்டானது, மாடிப்படியில் யாரோ எங்களைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். ஐந்தாம் பேனலைத் திறந்தபோது கதவின் உட்பக்கம் முத்துமுத்தாக நீர். இன்சுலேட்டரின் மேல் வேர் மாதிரி கிளை பிரிந்த ஒரு கருப்புத் தடம், மின்சாரம் தனக்குப் போட்டுக்கொண்ட திருட்டு வழி. மேலிருந்து கீழே முக்கால்வாசி தூரம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு விரல் இடம்தான் மிச்சம்.

பிரேக்கரை இழுக்கிறவர் அந்தக் கைப்பிடியைப் பிடித்து, மார்பைக் கதவோடு ஒட்டி வைத்துத்தான் இழுக்க வேண்டும். சம்பந்தி அந்த இரண்டு விரல் இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தோளில் கையை வைத்தார். பொருத்தம் பார்த்த நாளிலிருந்து அன்று வரை அவர் என்னைத் தொட்டதில்லை, கும்பிட்டதோடு சரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா போனிலேயே கட்டடத்துக்காரர்களிடம் அனுமதி வாங்கிவிட்டார். பத்து நாள் என்றது பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மதியத்துக்குள் பள்ளத்தை இறைத்துத் துடைத்தோம், ஹீட்டர்களைப் போட்டோம், சுவரில் துளை போட்டுக் குழாயை வெளியே விட்டோம். எனக்கும் அவருக்கும் தலைக்கு ஒரு மெமோ. ஃபோர்மேன் இடம் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் கட்டடத்தின் பின்பக்கம் போய், சுவரோரம் குந்தி உட்கார்ந்து, குழாய் முனையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு விழுந்தது. மண் அதை இழுத்துக்கொண்டது. அப்புறம் இன்னொரு சொட்டு.

“இனிமே குடிகாரன் திருந்திடுவான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்.

“நானும் ஒரு அறுபத்தெட்டு எழுதிகிட்டுத்தான் இருக்கேன் சம்பந்தி” என்றார்.

“இன்னும் எங்கயாவது குழாயா?”

“பொண்ணு எப்படி இருக்குன்னு நீங்க கேக்கறப்பல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றேன் பாருங்க. அது.”

குழாய் முனையிலிருந்து கண்ணை எடுத்து அவர் பக்கம் திரும்பினேன்.

“மறுபடியும் நர்ஸ் வேலைக்குப் போறேன்னு கேட்டுச்சு. என் பையன் வேண்டாம்னான். ஒன்றரை மாசமா ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. சாயங்காலமானா மொட்டை மாடியில போய் உக்காந்துடும். சாப்பாடும் சரியா இல்ல. நியாயம் உங்க பொண்ணு பக்கம்தான். நான் பையன்கிட்டச் சொல்லிப் பார்த்தேன், அழுத்திச் சொல்லல. உங்ககிட்டச் சொன்னா நீங்க என்ன நெனப்பீங்களோன்னு சொல்லல.”

எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலையில் என் பதிவேட்டைப் புரட்டியபோது அவருக்கு என் மேல் எப்படி வரவில்லையோ அப்படித்தான். ஆனால் என் பெண் போனில் சொன்ன ஒவ்வொரு “நல்லா இருக்கேன்பா”வும் வரிசையாக ஞாபகம் வந்தது. நான் அதைக் கேட்டு, என் மனைவியிடம் போய், “நல்லா இருக்காளாம்” என்று சொல்வேன். அவள் தன் அக்காவிடம் அதையே சொல்வாள். மேற்படி, மேற்படி.

ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. சம்பந்தியோடு அவர் வீட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மாள் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார். என் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். இளைத்திருந்தாள். போன மாதம் நான் இங்கே வந்தபோதும் இப்படித்தான் இருந்திருப்பாள். அன்றைக்கு நான் அவளைப் பார்க்கவில்லை, சம்பந்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“என்னப்பா திடீர்னு?”

“சும்மாதான். எப்படி இருக்கே?”

“நல்லா இருக்கேன்பா.”

காலையில் நடந்ததை அவளிடம் சொன்னேன். அறுபத்தெட்டை, மேற்படியை, குடிகாரனை, இரண்டு விரல் இடத்தை. கேட்டுக்கொண்டே வந்தவளுக்கு முகம் சிவந்தது.

“என்னைச் சாக்கு வச்சா பொய் எழுதினீங்க? மாமா அந்தப் பேனல் முன்னாடி நின்னிருந்தா நான் இந்த வீட்டுல யார் மூஞ்சியிலப்பா முழிக்கறது?”

“தப்புதான்” என்றேன். “இப்ப நீ சொல்லு. எனக்காகக் கொறைச்சுச் சொல்லாதே. மீட்டர்ல இருக்கறதைச் சொல்லு.”

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். சம்பந்தி எழுந்தார். “இந்தா, செடிக்குத் தண்ணி ஊத்தணும்னியே” என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அந்த வீட்டு வாசலில் செடி எதுவும் கிடையாது.

என் பெண் தம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“தொண்ணூறுப்பா” என்றாள்.

அந்த வீட்டில் அரைத் தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிடுவதுதான் என் வழக்கம், அதற்கு மேல் உட்கார்ந்தால் மரியாதை இல்லை என்று. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“எத்தனை மாசமா?” என்று கேட்டேன்.